விசா எதுவரை செல்லும்? வேலைக்கு வெளிநாடு போய், லீவில் ஊர் வந்து திரும்புவோருக்கு முழு வழிகாட்டி

"அண்ணா, கார்டுல அடுத்த மார்ச் வரைக்கும் தேதி இருக்குது. அப்புறம் ஏன் ஏத்த மாட்டேங்கறாங்க?"

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் பெங்களூர் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு போனில் கேட்டது இது. துபாயில் வேலை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வந்தவர், கூடவே மாங்காய் சீசனையும் முடித்துவிட்டுக் கிளம்பினார். அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. எமிரேட்ஸ் ஐடி என்ற அங்கே தங்கும் அனுமதிக் கார்டில் தேதி இருந்தது உண்மை. ஆனால் நூற்றெண்பது நாளைத் தாண்டியதுமே அந்தக் கார்டு செத்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

சவுதியிலும் துபாயிலுமாகப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு நான் காரிமங்கலம் திரும்பினேன். இப்போது வெளிநாடு கிளம்புகிற பிள்ளைகள் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பத்தில் எட்டுப் பேர் தடுமாறுவது வேலையில் அல்ல, தேதியில். ஆகவே எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய படி முடியாமல் அடுத்ததற்குப் பணம் கட்டினால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

1. ஒரு தாளில் நான்கு தேதி

டிக்கெட் பார்ப்பதற்கு முன் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நான்கு தேதிகளை எழுதுங்கள். முதலாவது, பாஸ்போர்ட் முடியும் தேதி. இரண்டாவது, இந்த விசாவில் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிய கடைசி நாள். மூன்றாவது, உள்ளே தங்கி வேலை பார்க்க அனுமதி முடியும் நாள். நான்காவது, லீவில் வெளியே வந்தால் திரும்பிப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள்.

இந்த நான்கும் வேறு வேறு. நம் ஊரில் நான்கையும் சேர்த்து "விசா தேதி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. இரண்டாவது தேதி கதவு எதுவரை திறந்திருக்கும் என்று சொல்கிறது. மூன்றாவது தேதி வீட்டுக்குள் எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்கிறது. நான்கில் எது முன்னால் வருகிறதோ, உங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான்.

தாளை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போயேன்" என்று சொல்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தானே, அவர்களுக்கும் தேதி தெரிய வேண்டும்.

2. பாஸ்போர்ட்டை முதலில் சரிசெய்யுங்கள்

விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். அதனால்தான் இந்தப் படி விசாவுக்கு முன்னால் வருகிறது.

பெரும்பாலான நாடுகள் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டும் பாஸ்போர்ட் செல்லும் காலத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. இரண்டு வருஷம் கிடைக்க வேண்டிய பெர்மிட், பாஸ்போர்ட்டில் காலம் குறைவு என்பதால் சுருங்கிவிடும். நம் பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். இரண்டு வருஷத்துக்கும் குறைவாக இருந்தால் அதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். போலீஸ் விசாரணை வரும் நாளில் ஊரில் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். நிறையப் பேர் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்க மறுக்கத் தொடங்கியபோது நம் பக்கத்தில் பலர் தவித்தார்கள். புதுப்பிக்கும்போதே அப்பா பெயரை விரித்து எழுதி இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள். பிறகு விசா, டிக்கெட், மெடிக்கல், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

மூன்றாவதாக, முகவரி இருக்கும் கடைசிப் பக்கம். அங்கே ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு) என்று அச்சாகியிருந்தால், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி தனியாகத் தேவை. ஒன்றும் அச்சாகவில்லை என்றால் தேவையில்லை. பத்தாவது பாஸ் செய்தவர், வருமான வரி கட்டுபவர், வெளிநாட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தவர் எல்லாம் இந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட் வாங்கத் தகுதியானவர்கள். பத்தாவது சான்றிதழ் பெட்டிக்குள் கிடக்க, ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு அலைபவர்களை நான் வருஷம் தவறாமல் பார்க்கிறேன்.

3. கையில் இருப்பது எந்த விசா?

மொபைலில் ஏஜென்ட் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, எந்த வகை விசா என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். வேலைக்கான நுழைவு அனுமதியா, விசிட்டா, டூரிஸ்டா? "இப்போ விசிட்ல போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். விசிட்டில் போய் வேலை பார்த்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்கவும் கையில் காகிதம் இருக்காது. தாய்லாந்துக்கு டூரிஸ்டாக அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்த கூட்டத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள், 2022-இல் மீட்டு வந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை, பெரிய சம்பளம், விசா தேவையில்லை என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அமீரகத்தின் வேலை நுழைவு அனுமதி கொடுத்த நாளிலிருந்து அறுபது நாள் செல்லும். அதற்குள் உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு வருஷ அனுமதி அங்கே போய் மெடிக்கல், கைரேகை எல்லாம் முடிந்தபின் தனியாக வருகிறது. அறுபது நாள் என்று பார்த்து "ரெண்டு மாச விசாவைக் கொடுத்து ஏமாத்திட்டான்" என்று ஊத்தங்கரைக்காரர் ஒருவர் ஏஜென்டிடம் சண்டைக்கே போனார். அவர் பயந்த மாதிரி எதுவும் இல்லை. அதேபோல சிங்கப்பூருக்கு ஐ.பி.ஏ. லெட்டர், அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம் வரும். அதிலும் நுழைய வேண்டிய காலம் எழுதியிருக்கும். அதில் இருக்கும் சம்பளத்தையும் பிடித்தங்களையும் படித்துப் பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் லெட்டரில் இருக்கும் சம்பளமும் வேறாக இருந்தால், கிளம்புவதற்கு முன் கேட்பதுதான் சுலபம்.

4. ஈ.சி.ஆர். உள்ளவர்கள்: அனுமதி, இன்சூரன்ஸ், ஏஜென்ட் கட்டணம்

சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்படப் பதினெட்டு நாடுகளுக்கு இந்த அனுமதி வேண்டும். இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தின் வழியாகத்தான் நடக்கிறது. அனுமதி இல்லாமல் போனால் நம் பக்க இமிக்ரேஷனிலேயே இறக்கிவிடுவார்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஈ.சி.ஆர். பெண்களுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

இதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்குப் பத்து லட்சம். இந்த 275 ரூபாய்க்கு ஆயிரக்கணக்கில் வாங்கிய ஆட்களை எனக்குத் தெரியும்.

பதிவுபெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி.யும். ரசீது கேளுங்கள். ஏஜென்டின் பதிவு எண் அதே இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து ஆள் பிடிக்கும் சப் ஏஜென்டுக்கு சட்டத்தில் இடமே இல்லை. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. தனியாரிடம் போகும் முன் அங்கே உங்கள் தொழிலுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதம்

அட்டை கைக்கு வரும்வரை ஊர் திரும்பும் யோசனை வேண்டாம். சவுதியில் தங்கும் அனுமதி அட்டையான இக்காமாவோ, எமிரேட்ஸ் ஐடியோ, ஒர்க் பெர்மிட்டோ, வந்த அன்றே இரண்டு பக்கமும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அமீரகத்தில் 2022-இலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள், எமிரேட்ஸ் ஐடிதான் ஆதாரம். "பாஸ்போர்ட்ல ஒண்ணுமே ஒட்டலையே" என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த அட்டையை ரூமில் மறந்துவிட்டு ஊருக்கு வந்தால் திரும்பும்போது கவுன்டரில் திண்டாட்டம்.

பிறகு தாளை எடுங்கள். மூன்றாவது தேதி இப்போதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

6. லீவுக்கு வருமுன்: அதிகம் பேர் தவறும் இடம்

தைப்பொங்கல், பங்குனியில் அம்மன் திருவிழா, ஊரில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து, ஆவணியில் தங்கச்சி கல்யாணம். லீவை நீட்டக் காரணத்துக்கா பஞ்சம்? அதனால்தான் நான்காவது தேதியைக் கிளம்பும் முன்பே எழுதச் சொல்கிறேன்.

சவுதி

இக்காமா இருந்தாலும் எக்ஸிட் ரீஎன்ட்ரி என்ற போய்த் திரும்பும் விசா இல்லாமல் வெளியே வந்து திரும்ப முடியாது. ஒருமுறை போய்வரும் விசாவுக்கு இரண்டு மாதத்துக்கு 200 ரியால், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நான் பார்த்த நஷ்டங்களில் பாதி இதனால்தான்.

விசாவில் நாட்களாக எழுதியிருந்தால் நீங்கள் சவுதியை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து எண்ண வேண்டும். "இந்தத் தேதிக்கு முன் திரும்ப வேண்டும்" என்று தேதியாக எழுதியிருந்தால் நீங்கள் எப்போது கிளம்பினாலும் அந்தத் தேதி நகராது. ஜனவரி 5-இல் அறுபது நாளுக்கு எடுத்தீர்கள், டிக்கெட் கிடைக்காமல் ஜனவரி 20-இல் கிளம்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் மார்ச் 21 வரை இருக்கலாம். இரண்டாம் வகையில் மார்ச் 6-க்குள் திரும்ப வேண்டும். பதினைந்து நாள் வித்தியாசம். ஆகவே பிரிண்ட் கையில் வந்ததும் எந்த வகை என்று கம்பெனி ஆபீஸில் கேட்டுத் தாளில் எழுதுங்கள்.

இக்காமா தேதியையும் பக்கத்தில் வையுங்கள். லீவுக்கு நடுவில் இக்காமா முடிவதாக இருந்தால் கிளம்பும் முன்பே புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஊரில் உட்கார்ந்துகொண்டு கஃபீலுக்கு (விசா கொடுத்த முதலாளிக்கு) போன் போட்டுக் கெஞ்சுவது கடினமான வேலை, எனக்கே அந்த அனுபவம் உண்டு. ஒருமுறை என் கம்பெனி ஆபீஸில் ரீஎன்ட்ரியை நீட்டுகிறோம் என்று சொல்லிச் சொல்லியே பதினோரு நாள் கடத்தினார்கள். அந்தப் பதினோரு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அமீரகம், கத்தார், குவைத்

அமீரகத்தில் ரீஎன்ட்ரி எடுக்கத் தேவையில்லை. ஆனால் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண வேலை அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும். ஆறு மாதம் என்று காலண்டரில் எண்ணாதீர்கள், நாளாக எண்ணுங்கள். ஜனவரி 10-இல் வெளியே வந்தவருக்கு 180-ஆவது நாள் ஜூலை 9. "ஆறு மாசம் சரியா இருக்குது" என்று ஜூலை 10-க்கு டிக்கெட் போட்டால் ஒரு நாள் தாண்டிவிட்டது. நான் எல்லோருக்கும் சொல்வது 170 நாள். விமானம் ரத்தானால், காய்ச்சலில் படுத்தால், அந்தப் பத்து நாள் கைகொடுக்கும்.

தாண்டிவிட்டவர்களுக்கு வழியே இல்லை என்றில்லை. ஆஸ்பத்திரி போன்ற சரியான காரணத்தை ஆதாரத்தோடு காட்டித் திரும்ப நுழைய அனுமதி கேட்கலாம், அதற்கு அபராதமும் உண்டு. மேலே சொன்ன பாலக்கோட்டுத் தம்பி அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துத்தான் விண்ணப்பித்தார். ஆகவே வீட்டில் யாருக்காவது வைத்தியம் என்று வந்திருந்தால் ஒரு காகிதத்தையும் தூக்கிப்போடாதீர்கள். அனுமதி கைக்கு வரும்முன் ஏர்போர்ட்டுக்குப் போகவும் வேண்டாம்.

கத்தாரிலும் குவைத்திலும் வெளியே இருக்கும் கணக்கு ஆறு மாதம்தான். குவைத்தில் தனியார் வேலையில் இருப்பவர்கள் 2025 ஜூலை 1 முதல் நாட்டை விட்டுக் கிளம்பும் முன் முதலாளி ஒப்புதலோடு வெளியேறும் அனுமதியும் எடுக்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டு அதைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுமதி முதலில், டிக்கெட் அப்புறம்.

சிங்கப்பூர்

பெர்மிட் உயிரோடு இருக்கும்வரை தனி ரீஎன்ட்ரி வேண்டாம். திரும்பும்போது இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

எந்த நாடாக இருந்தாலும் ஒன்று பொது. கடைசி நாள் என்பது நீங்கள் பெங்களூரில் விமானம் ஏறும் நாள் அல்ல, அங்கே இறங்கி இமிக்ரேஷனைக் கடக்கும் நாள். இரவு பதினொரு மணி விமானம் என்றால் நடுவில் தேதி மாறிவிடும்.

7. அமெரிக்கா போன ஓசூர்ப் பிள்ளைகளுக்கு

ஹெச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்களிடமும் இதே குழப்பம்தான், படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா வாசலில் நின்று உள்ளே வரக் கேட்பதற்கு மட்டும். உள்ளே எதுவரை இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவு சொல்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய அந்த விசாவின், அதாவது ஸ்டாம்பின் தேதி முடிந்தாலும் ஐ-94 இருந்தால் வேலை பார்க்கலாம், வெளியே போனால்தான் திரும்பப் புது ஸ்டாம்ப் வேண்டும். ஸ்டாம்பில் தேதி இருந்து ஐ-94 முடிந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் சட்டத்துக்குப் புறம்பான தங்கல்.

ஒவ்வொரு முறை உள்ளே நுழைந்தபின்னும் ஐ-94-ஐ இறக்கிப் பாருங்கள். பாஸ்போர்ட் முடியும் தேதியோடு அதைச் சுருக்கிவிடும் வழக்கம் உண்டு. மூன்று வருஷ அப்ரூவல் கையில் இருக்க, ஐ-94 ஒன்றரை வருஷத்தில் முடிந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. இங்கேயும் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பிப்பதுதான் மருந்து.

ஸ்டாம்ப் முடிந்த நிலையில் ஊர்க் கல்யாணத்துக்கு வருகிறவர்கள், நேர்முகத்துக்கு நாள் கிடைத்தபின்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பத்திரிகை அடித்தாகிவிட்டது என்ற நெருக்கடியில் வந்து, திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் இங்கே இருந்து சம்பளம் இழந்தவர்கள் பலர். விசா வகை மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே வந்தால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும் என்பதையும் கம்பெனி வக்கீலிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

8. ஊரில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிக்க நேர்ந்தால்

முடிந்தவரை வேண்டாம். அங்கேயே இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் புது எண்ணை அனுமதியோடு இணைக்கும் வேலை அந்த நாட்டில்தான் நடக்கிறது. சவுதியில் "நகல் மாலுமாத்" என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். வேறு வழியின்றி இங்கே புதுப்பித்தால் கம்பெனிக்கு உடனே சொல்லி, பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். பழையதை வெட்டி முத்திரை குத்திக் கொடுத்திருப்பார்கள். "கேன்சல் ஆனது எதுக்கு" என்று பீரோவில் வைத்துவிட்டு வராதீர்கள்.

9. கிளம்பும் நாள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் ஏர்போர்ட் பக்கம் என்று ஒரு நினைப்பு. நகரம் பக்கம்தான். ஏர்போர்ட் நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டைக் கடந்து ஊரை முழுக்கக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். தர்மபுரியிலிருந்து கிளம்புகிறவர்கள் விமானத்துக்கு எட்டு மணி நேரம் முன்பாவது புறப்படுங்கள். மாலை நேரத்தில் நகரத்தைக் கடப்பதாக இருந்தால் இன்னும் முன்னால். சர்வதேச விமானங்கள் இரண்டாவது டெர்மினலில். கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், காரணம் கேட்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட், அட்டை, ரீஎன்ட்ரி பிரிண்ட், டிக்கெட், ஒப்பந்த நகல், ஈ.சி.ஆர். அனுமதி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மொபைலில் மட்டும் வைத்திருந்து சார்ஜ் இறங்கிப்போய், வரிசையில் நின்று அழுத பையனைப் பார்த்திருக்கிறேன். பெரிய பெட்டியில் ஊறுகாயும் புளியும் போகட்டும், காகிதம் போக வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த நாட்டு அரசுத் தளத்தில் உங்கள் அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நீங்கள் லீவில் இருக்கும்போது கம்பெனி உங்களுக்குச் சொல்லாமல் கேன்சல் செய்திருக்கலாம். அது கவுன்டரில் தெரிவதைவிட வீட்டில் தெரிவது மேல்.

10. வேலை முடிந்து வரும்போது

கேன்சல் ஆன நாளிலிருந்து வேறு ஒரு கணக்கு தொடங்குகிறது. சவுதியில் ஃபைனல் எக்ஸிட், அதாவது திரும்பாமல் வெளியேறும் விசா அடித்தால் அறுபது நாளுக்குள் வெளியேற வேண்டும். அமீரகத்தில் எத்தனை நாள் அவகாசம் என்பது உங்கள் வகையைப் பொறுத்தது, கேன்சல் பதிவிலேயே தேதி இருக்கும். தாண்டினால் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம். அமெரிக்காவில் வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள், ஐ-94 அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான்.

சவுதியில் இருப்பவர்கள் எக்ஸிட் ரீஎன்ட்ரியில் வந்து அப்படியே இங்கே தங்கிவிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். திரும்பப் போகப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் ஃபைனல் எக்ஸிட்டில் வாருங்கள். வேலை பார்த்த வருஷங்களுக்குக் கிடைக்கும் சர்வீஸ் பணம் முறையாகக் கைக்கு வரும், பின்னால் வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் பழைய பதிவு குறுக்கே நிற்காது.

கேன்சல் காகிதத்தில் "எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்று ஒரு வரி இருக்கும். அரபியில் இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள். கடைசி மாதச் சம்பளம், லீவுப் பணம், சர்வீஸ் பணம், டிக்கெட் ஆகியவை பேங்கில் ஏறியதைப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். "கையெழுத்துப் போடு, ஊருக்கு அனுப்பி வைக்கிறோம்" என்றால் போடாமல் தொழிலாளர் அலுவலகத்துக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் போங்கள். அவகாச நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், சொன்ன பணம் வராத முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.